லண்டனில் விடிந்த பொங்கல்

சூரியனை நேராகப் பார்க்காதே, கண் கெட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்த வருஷத்தில்தான், என் சின்ன மாமா சூரியனை எங்கள் வீட்டு ஹாலுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். அவருக்கு ரவாங்கில் ஆபீஸ் வேலை. அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரைக் கோல சிலாங்கூரில் இருந்த எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்குத் தூக்கிவந்து, போனில் இருந்த டெலிபோன் வயரைக் கழற்றி அதில் செருகி, ஏதோ ஒரு சாப்ட்வேரை ஏற்றிவிட்டு, "இனிமே உலகமே உங்க வீட்லதான் லா" என்றார்.

பொய்யில்லை. திரை முழுக்க உலக வரைபடம். பாதி உலகம் பளிச்சென்று இருந்தது. மீதிப் பாதியின்மேல் இருட்டு கிடந்தது, அதற்குள்ளே ஊர்களின் விளக்குகள் பொடிப்பொடியாக மின்னின. ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம். மேகமோ மழையோ வெயிலோ, அந்த ஊருக்கு ஒரு படம். இருட்டு நகர்வது கண்ணுக்குத் தெரியாது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு நாடே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். அம்மாடி! நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். நாம் சோறு தின்னும்போது இன்னொரு நாட்டில் தூங்குகிறார்கள் என்று டீச்சர் சொன்னதை நான் கதை என்றே நினைத்திருந்தேன். மாமாவோ இதையெல்லாம் தானே சுற்றிவிட்டவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

அம்மாவுக்கு அந்த உலகத்தில் ஒரே ஊர்தான், லண்டன். அக்கா அங்கே நர்ஸ். "ரெண்டு டிகிரி குளிராமே, புள்ள என்னத்தப் போட்டுக்குதோ" என்று புலம்பிக்கொண்டே முந்தானையால் திரையைத் துடைப்பாள். அப்பா அந்தப் பக்கமே திரும்பமாட்டார். அக்கா அங்கேயே ஒருவரைப் பார்த்து, ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, முடிந்தபிறகு போன் போட்டுச் சொன்னாள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி அவளைப் படிக்கவைத்த மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டார். அதற்குப்பிறகு அவள் கூப்பிட்டாலும் பேசுவதில்லை. அவள் பேரைச் சொல்வதுகூட நின்றுபோனது.

தைப்பொங்கல் வந்தது. அக்காவுக்கு அது தலைப்பொங்கல். பிறந்த வீடு சும்மா இருக்கலாமா? சீர்தான் அனுப்ப முடியாது, அவள் பேருக்கு இன்னொரு பானையாவது வைக்கிறேன் என்று அம்மா கெஞ்சினாள். "நம்ம வீட்ல விடியக்காலைல ஒரு பானைதான்" என்று அப்பா முடித்துவிட்டார். அந்த ஒரு பானை பொங்கியது. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரிமாறினாள். அப்பா சாப்பிட்டுவிட்டு ஜெராம் பக்கம் லோடு எடுக்கப் போனார்.

பொங்கலுக்கு லீவு போட்டு வந்திருந்த மாமா, திரையைக் காட்டி வக்கீல் மாதிரி வாதாடினார். மச்சான் சொன்னது நம் ஊர் விடியக்காலையை. லண்டனில்தான் இன்னும் விடியவே இல்லையே! சூரியன் அங்கே போய்ச் சேரும்போது பானை வைத்தால் அவர் பேச்சை மீறினதாக ஆகுமா? அம்மாவுக்கு முகமெல்லாம் பல். எனக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது. திரை முன்னால் உட்கார்ந்து, இருட்டு லண்டனை விட்டு விலகியதும் சத்தம் போட வேண்டும்.

பள்ளிக்கு மட்டம் போட்டதே இதற்குத்தான் என்பதுபோல உட்கார்ந்தேன். இந்தியா வெளுத்தது. அரபு தேசங்கள் வெளுத்தன. காலையில் எங்கள் வாசலில் விழுந்த அதே வெயில், கடலையும் மலையையும் தாண்டி அக்காவைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்துக்கூட நான் அப்படிச் சிலிர்த்ததில்லை.

சாயங்காலத் தேத்தண்ணி வேளையில் "விடிஞ்சிருச்சு!" என்று கத்தினேன். அம்மா கல் கூட்டி, வழக்கம்போல் கிழக்கே பார்த்துப் புதுப்பானையை ஏற்றினாள். பக்கத்து வீட்டு ஆண்ட்டி வேலியோரம் வந்து, "என்னங்க, பொங்கலுக்கு இப்பத்தான் முழிச்சீங்களா?" என்று கேட்டார்.

"லண்டன்ல இப்பத்தாங்க விடியுது" என்றாள் அம்மா, சர்வசாதாரணமாக.

பால் சூடேறும் நேரம் பார்த்து அப்பாவின் லோரி வந்து நின்றது. மாமாவுக்கு அந்த நிமிஷம்தான் கடையில் ஏதோ வாங்க வேண்டியது ஞாபகம் வந்தது. ஆளைக் காணோம். அம்மா எழுந்திருக்கவில்லை, "லண்டன்ல இப்பத்தான் விடியுது" என்று மட்டும் சொன்னாள். அப்பா பானையைப் பார்த்தார், மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். "சூரியன் அங்க இருக்கு. நீ முதுகைக் காட்டிக்கிட்டு வைக்கிறியே" என்றார். பிறகு லோரி கையுறையோடு குந்தி, பானையை இறக்கி, கற்களை மேற்கே திருப்பிவைத்து, மறுபடியும் ஏற்றினார். இந்த மனிதருக்கு எதிலாவது குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மா ஏன் அழுகிறாள் என்பதும் விளங்கவில்லை.

அப்பா ஹாலுக்குள் வந்தார். முதல்தடவையாகத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "நல்லா விடிஞ்சிருச்சா?"

"ஆமாப்பா. பாருங்க, இருட்டு தாண்டிப் போயிருச்சு."

"எந்திரிச்சிருப்பாளா?"

எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பெரிய உலகத்தைக் காட்டுகிற பொருளிடம் கேட்கிற கேள்வியா இது! "அதெல்லாம் இதுல தெரியாதுப்பா. சூரியன்தான் தெரியும்" என்று பொறுமையாக விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். கம்ப்யூட்டருக்குப் போன டெலிபோன் வயரைப் பிடுங்கிப் போனில் செருகினார். நம்பரை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

"ஐயோ அப்பா, லைனைப் பிடுங்கினா லண்டன்ல மழையா வெயிலான்னு எப்படித் தெரியும்?" என்று நான் அலறினேன்.

"அவகிட்டயே கேட்டுக்கலாம்" என்றார் அப்பா, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே.

வாசலில் பால் பொங்கி, அம்மா உள்ளே ஓடிவந்து, இரண்டு பேரும் ஒரே ரிசீவரில் காதை வைத்து மாறி மாறிப் பேசினார்கள். எவ்வளவு நேரம்! அவ்வளவு நேரமும் திரையில் லண்டன் மேலே பழைய மேகமே நின்றது. என் உலகத்தையே அப்பா கெடுத்துவிட்டார் என்று, அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவே இல்லை.