இருபத்தைந்து அடி வயர்

அந்த இரைச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ரெக்கோர்ட் பிளேயரை முன் விறாந்தையில் வைத்திருந்தேன். அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் உள் அறையில். இடையில் இருபத்தைந்து அடி வயர். அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் பாட்டு மங்கிவிடும்.

"பிளேயரையும் அறைக்குள்ளை வையுங்கோவன்," என்றாள் மனைவி.

"உமக்கு உது விளங்காது," என்றேன்.

பிளேயருக்குப் பக்கத்தில் பஃபர் என்ற சின்ன சர்க்கியூட்டைப் பூட்டினால் நீள வயரிலும் பாட்டு தேயாது என்று படித்திருந்தேன். இரண்டு கிழமை ஈயம் பற்றவைத்தேன். விரல் சுட்டதுதான் மிச்சம். பூட்டியதும் பாட்டோடு சேர்ந்து "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். கழற்றினேன், திரும்பப் பூட்டினேன், கரண்டைத் திட்டினேன். மின்விசிறியைப் போட்டதற்காக மனைவியையும் திட்டினேன்.

கடைசியில் குருநகரில் படகு ரேடியோ திருத்துகிற ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பஃபரைத் திறக்கவே இல்லை. வயரைப் பார்த்தபடி அறைவரை நடந்துபோய்த் திரும்பினார்.

"பிளேயரை ஏன் அறைக்குள்ளை வைக்கேல்லை? வைச்சால் உந்தப் பெட்டியே தேவையில்லை."

"ஓம் அண்ணை, அது சரிதான்," என்றேன், மிகவும் பணிவாக.

தேத்தண்ணியோடு நின்ற மனைவி அவருக்குக் கொடுத்தாள், பிறகு எனக்கும் தந்தாள்.

பிளேயர் இப்போது அறையில் இருக்கிறது. பாட்டு துல்லியமாகக் கேட்கிறது. அவருக்குச் சொன்ன அந்த 'ஓம்' என்ற சொல்லை முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.