வராத நாட்களுக்கும் டிக்

என் வாழ்க்கையின் முதல் உத்தியோகம், அண்ணன் மாத்திரை சாப்பிட்டதற்கு டிக் போடுவது. எனக்கு எட்டு வயது, அவனுக்குப் பதினாறு.

திருவேற்காட்டில் பள்ளிக்கூட வாசலில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு, அண்ணன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போயிருந்தான். சிறார் நீதிக் குழுமம் நிபந்தனையோடுதான் அவனை வீட்டுக்கு அனுப்பியது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும், தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், தவறினால் மறுபடி இல்லம்தான். யாராவது கேட்டால், "பூந்தமல்லிக்கு டியூசன் போயிகினு கீறான்னு சொல்லு" என்று அம்மா என்னைப் பழக்கியிருந்தாள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

அண்ணன் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையை விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டுவான். நான் சிவப்புப் பேனாவால் மாத்திரை அட்டவணையில் அந்தத் தேதிக்கு நேரே டிக் போடுவேன். டீச்சராகிவிட்ட மிதப்பு எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கை துறுதுறுத்ததில், மாதக் கடைசிவரை மொத்தமாகப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் நன்னடத்தை அலுவலர் வந்தார். அட்டவணையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இன்னும் பத்து நாள் பாக்கியிருக்க, அதற்குள் சாப்பிட்டாயிற்றா என்றார். இதுவே பொய்யென்றால் மற்றதை எப்படி நம்பிக் குழுமத்துக்கு எழுதுவது என்றும் கேட்டார். உண்மையில் அண்ணன் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

"யார் போட்டது இது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் கை இறுகியது. வீட்டு டிவியையும் அலமாரிக் கண்ணாடியையும் உடைத்த கை அது. கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி அவன் வாய்க்குள் பத்துவரை எண்ணுவது மட்டும் கேட்டது.

"சின்னப் புள்ள மேடம், ஆசைல போட்டுக்கீது. அத்த ஒண்ணியும் சொல்லாதீங்க" என்றான் அண்ணன்.

அலுவலர் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினார். பத்து மீதியிருந்தது, கணக்கு சரி. அண்ணனின் கை மெல்ல விரிவதையும் பார்த்துவிட்டு, நோட்டில் என்னவோ நிறைய எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதுதான் அண்ணனை இல்லத்துக்கு அனுப்பவில்லையே, பிறகு எதற்கு அழுகை? நான் அடி வாங்காமல் தப்பியது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவுகட்டி, ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.