கரட்டில் ஒன்றுமில்லை

"நெசமாவே நீ எழுதுனதா? இல்ல, காலேசுல யாரும் எழுதிக் குடுத்தாங்களா?"

தாலுகா ஆபீசில் நான் கொடுத்த தாளைப் படித்துவிட்டு அலுவலர் இப்படிக் கேட்டார். மலையிலிருந்து இறங்கி, வடமதுரைப் பக்கம் கரடு என்று நாங்கள் சொல்லும் சின்னப் பாறைக்குன்றின் அடியில் குடியேறிய பதினொரு வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குச் சுருக்கென்றது. அவரிடமே பேனா வாங்கி, அவர் கண் முன்னால் கடைசி வரியை மறுபடி எழுதிக் காட்டினேன். 'கரட்டில் எங்களுக்கு எந்தப் பயன்பாடும் இல்லை.' கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் பி.ஏ. என்றும் சேர்த்தேன்.

அந்த வரி பொய். கரட்டின் மேற்குச் சரிவில் கிழங்கு உண்டு, பாறை இடுக்கில் தேனடை உண்டு, கோடையிலும் வற்றாத சுனை உண்டு. எங்கள் ஆட்கள் இதையெல்லாம் வெளியாளிடம் சொல்ல மாட்டார்கள். நிறைந்த கூடையோடு இறங்கி வரும்போதும், "என்ன கெடச்சுச்சு?" என்று யாராவது கேட்டால், "ஒன்னுமில்ல" என்றுதான் சொல்வார்கள். செத்தவர்களைப் புதைத்த இடத்தையும் அப்படித்தான் மறைத்து வைத்திருந்தோம். தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். என் அம்மா அங்கேதான் கிடக்கிறாள்.

முந்தின நாள் நிலத்தை அளந்து முடித்த அலுவலர், "மேல உங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தார். அப்பா வழக்கம்போல, "ஒன்னுமில்லீங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதையே எழுதி ஆபீசில் கொடுக்கும்படி அலுவலர் சொன்னார். எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்பதுதான் என் கவலை.

அடுத்த கோடைக்குள் மேற்குச் சரிவு குவாரிக்குக் குத்தகை போய்விட்டது. முதல் வெடி வைத்த அன்று தகரக் கூரை அதிர்ந்து, சோற்றில் கல்தூசி விழுந்தது. அப்பாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். அதே அலுவலர் கோப்புக் கட்டைப் பிரித்து என் தாளை எடுத்தார்.

"இது ஒங்க கையெழுத்துதானம்மா?"

இந்தத் தடவை அவருக்குச் சந்தேகமே இல்லை. பி.ஏ. மேல் விரலை வைத்திருந்தார்.

"ஆமா சார்."

"நீங்களே ஒன்னுமில்லேன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப வந்து நின்னா நான் என்னம்மா செய்றது?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்திதான் பேசினாள்.

"கெழங்கு இருக்குன்னு சொன்னா மக்கா நாளே கடப்பாரையோட வந்துருவாய்ங்கன்னு பயந்தோம். இப்ப மிசினோடயே வந்துட்டாய்ங்க. ஏண்டி, இம்புட்டு படிச்சவ, ஒனக்குமா தோணல?"

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். கல் ஏற்றிய லாரிகள் எதிரே வரிசையாகப் போயின. எங்கள் கரட்டுக் கல்லா, வேறு கல்லா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புதைத்த இடம் குவாரி விளிம்புக்கு மிக அருகில் இருந்தது. கலெக்டருக்கு எழுதும் மனுவோடு வைக்க அதைப் படம் பிடிக்கலாம் என்று நான் செல்போனோடு மேலே ஏறக் கிளம்பியபோது அப்பா வழியை மறித்தார்.

"வேணாம்த்தா. ஒங்க அம்மா கெடக்குற எடத்தக் கண்டவனுக்கும் காட்டாத."

"காட்டலேன்னா லாரியில ஏத்திருவாய்ங்கப்பா."

"காட்டுனா மட்டும் விட்ருவாய்ங்களா?"

எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அப்பா விலகி வழி விட்டார், கூட வரவில்லை. தலைமாட்டுக் கற்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன். வெடி அதிர்வில் இரண்டு ஏற்கெனவே சாய்ந்திருந்தன.

போன திங்கட்கிழமை திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்துவிட்டேன். சுனை, கிழங்குச் சரிவு, தேன் பாறை என எல்லாவற்றையும் வழியோடு எழுதியிருக்கிறேன். முதல் வரியில் அம்மா கிடக்கும் இடம். கையெழுத்துக்குப் பக்கத்தில் இந்த முறை எதையும் சேர்க்கவில்லை.