கிணற்றடியில் கேட்ட குரல்

1957-ஆம் வருடம், கோடை தொடங்கியிருந்த சமயம். புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக எனக்கு இரவு ஷிப்டுதான். விடிந்ததும் வீட்டுக்கு வந்து படுத்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் தூக்கம்தான். அந்த வாரம் தறியில் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. பத்து நாள் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. எங்கள் ஊரில் டீச்சரை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவோம். அந்த மதாம் என் மனைவியிடம், "என்ன கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்குது. வருஷம் பூரா இப்படித்தான். இதுக்குப் படிப்பு ஏறாதும்மா" என்று சொல்லியிருந்தார். நானும் அதிகம் யோசிக்கவில்லை. படிப்பை நிறுத்தி, தெரிந்த ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் போய்ப் பெயரை எடுத்துவிடுவதாக இருந்தேன்.

அந்த நாள் விடியும்போதே விரல் வலியில் தூக்கம் கலைந்துவிட்டது. கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். சொந்த வீட்டுக் கொல்லையைக் காலை வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை என்றால் நம்புவீர்களா? முருங்கைப் பூவில் ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலியோரம் ஒரு செம்போத்து, வீட்டுக்காரர் மாதிரி நடந்து போனது. அடுப்படிப் படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"உக்காரும்மா" என்றேன்.

திரும்ப உட்கார்ந்தவள் ஓட்டுக்கூரையைக் காட்டிக் கிசுகிசுத்தாள். "அணிலு வூடு மாத்துதுப்பா. ரெண்டு குட்டிய எடுத்துனு போயிடுச்சி. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனம் பாக்கறேனே."

கீரிப்பிள்ளை எந்தப் பக்கமாக வரும், எந்தக் காக்காவுக்குக் கால் ஊனம், செம்போத்து எங்கே கூடு கட்டியிருக்கிறது, எல்லாம் சொன்னாள். காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் கேட்க முடிந்தது. எனக்குப் பெண் பிறந்து ஒன்பது வருடம்; அவளோடு அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

அப்போது தாய் அணில் மூன்றாவது குட்டியைக் கவ்விக்கொண்டு, கிணற்றை ஒட்டிய மதில்மேல் ஓடி வந்தது. எங்கிருந்தோ ஒரு காக்கா பாய்ந்தது. அணில் துள்ளியதில் குட்டி நழுவி நேரே கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. நான் நல்ல கையால் வாளியைத் தூக்கினேன்.

"வாளியப் போடாதீங்கப்பா! தண்ணி அலம்புனா முழுகிப் பூடும்!"

கொல்லையே அதிர்ந்தது. அது என் மகளின் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவி அடிக்குரலில் அதட்டினாள். "ஏய், கத்தாதடி! அப்பா தூங்கறாரு!"

தூங்குகிற அப்பா வாளியும் கையுமாகக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். சுருக்கென்றது. மூன்று வயதிலிருந்து அந்தக் குழந்தை கேட்டு வளர்ந்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். வாய் திறந்தால் தப்பு என்று பழக்கியது நாங்கள். பட்டம் மட்டும் அவளுக்கு, மக்கு என்று.

அவளோ என்னைக் கவனிக்கவில்லை. கயிற்றிலிருந்து வாளியை அவிழ்த்துவிட்டு, அங்கே கிடந்த கீரைக்கூடையைக் கட்டினாள். கூடை அமுங்க உள்ளே ஒரு கல்லை வைத்தாள். "அந்தாண்ட போங்கப்பா, நெழலு வுழுது" என்று என்னை விரட்டினாள். கூடையை மெதுவாக இறக்கி, தத்தளித்த குட்டிக்கு அடியில் கொண்டுபோய்த் தூக்கினாள். ஓடி வந்த என் மனைவியும் கூடச் சேர்ந்து கயிற்றைப் பிடித்தாள்.

கட்டைவிரல் அளவு குட்டி. அசைவே இல்லை. மகள் பாவாடை நுனியால் துடைத்து, உள்ளங்கைக்குள் பொத்தி ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் 'கீச்' என்றது! கொட்டாங்கச்சியில் வைத்து மதில்மேல் விட்டுவிட்டு, காக்கா வராமல் குச்சியோடு காவல் நின்றாள். நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. தாய் அணில் வந்தது, மோந்தது, கவ்விக்கொண்டு தென்னையில் ஏறிவிட்டது.

"எடுத்துனு பூடுச்சி! எடுத்துனு பூடுச்சி!" மகள் குதித்துக் கத்தினாள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னா, உங்க வூட்லயா இந்தச் சத்தம்?" என்று கேட்டார். மனைவி பயந்து என் முகத்தைப் பார்த்தாள். நானும் சேர்ந்து கத்தினேன்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் போனேன், பெயரை எடுக்க அல்ல. மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பாமல் மகளை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, அணில் கதையைச் சொல்லச் சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வாசலில் நின்றபடி நான் சொன்னேன். "சத்தமா சொல்லும்மா. அப்பா முழிச்சிக்கினுதான் இருக்கறேன்."

சொன்னாள் பாருங்கள்! காக்கா பாய்ந்த இடத்தில் பிள்ளைகள் பெஞ்சுமேலேயே ஏறி நின்றுவிட்டார்கள். மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் குரல இத்தன நாளா எங்கடி வெச்சிருந்தே?" என்றார். பதில் எனக்குத் தெரியும்.

விரல் ஆறியதும் மேஸ்திரியிடம் நச்சரித்துப் பகல் ஷிப்டுக்கு மாறினேன். மகள் அந்த வருடம் தேறினாள், அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் தோற்று நிற்கவில்லை. இன்று அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குடும்பத்துக்காக உழைக்கிறேன் என்ற பெருமையிலேயே அந்தக் குடும்பத்தைப் பார்க்காமல் இருந்த எனக்கு, என் பிள்ளை யாரென்று காட்டிக்கொடுத்த அந்த ஒரு காலைப்பொழுதைவிடப் பெரிதாக வாழ்க்கையில் வேறு எதையும் நான் ஜெயித்ததில்லை.