விழிஞ்ஞத்துக் கேள்வி

தவறு என்று தெரிந்தே ஒரு பதிலை என் மாணவர்களைத் தேர்வில் எழுத வைத்தேன். தெரியாமல் சொன்னது முதல் நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெரிந்து செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்காக நீங்கள் சாக்குத் தேட வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அரசு வேலைத் தேர்வுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினேன். வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நான் பாதியைச் சொல்வேன், மீதியை எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும். மாண்ட்ரியல் என்றால் ஓசோன்! ராம்சார் என்றால் ஈரநிலம்! கியோட்டோ என்றால் பசுமைக்குடில் வாயு! கீழே டீக்கடைக்காரருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று ரியோ மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டதை நான் அத்தனை உருக்கமாக நடத்துவேன்... எனக்கே கைதட்டத் தோன்றும்.

கடலும் அப்படித்தான். நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவது ஓதம். காற்றால் எழுவது அலை. இரண்டிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம். ஓத மின்சாரத்துக்கு ஏற்ற இடங்கள் காம்பே வளைகுடா, கட்ச் வளைகுடா. இதுவரை சரி. இதோடு நிறுத்தியிருக்கலாம்! கேரளத்து விழிஞ்ஞத்தையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். அங்கே இருந்ததோ அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம். அன்றுவரை நான் கடலை நேரில் பார்த்ததே இல்லை. ஆத்தூர் நீர்த்தேக்கம் நிரம்பி வழிவதைப் பார்த்ததுதான் என் கடல் அனுபவம்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். தாடிக்கொம்புப் பக்கம் பூ விவசாயம் செய்யும் குடும்பத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள்.

"சார், எங்க சித்தி வீடு அந்தப் பக்கந்தான். நான் பாத்திருக்கேன். அலை உள்ள வந்து காத்தத் தள்ளுது, அந்தக் காத்துல சக்கரம் சுத்துதுன்னு சொன்னாக."

வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போனவர்கள் எல்லாம் பாடம் நடத்த வந்தால் நான் பூ விற்கப் போக வேண்டியதுதான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி உட்கார்ந்தாள்.

ஆனால் மனம் உறுத்தியது. அந்த வாரமே நூலகத்துக்குப் போய்ப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. அலை, காற்று, சக்கரம்... எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது.

திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாக்கியம் போதும். ஆனால் எதிர்ச்சாரியில் புதிதாக இன்னொரு பயிற்சி வகுப்பு திறந்திருந்தார்கள். ஒரு பெண்ணிடம் சார் மூக்குடைபட்டார் என்று பேச்சு கிளம்பினால் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தேன். பிள்ளைகள் கொத்தாக எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள் என்றும் தோன்றியது. இதெல்லாம் தேர்வில் எங்கே கேட்கப் போகிறார்கள் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஸ்டெல்லாவுக்கு அந்தத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவை வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் தயார். அவள் முடியாது என்று அழுது பார்த்திருக்கிறாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான்...

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு கடைசித் திருப்புதல். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவன் வாய்தவறி விழிஞ்ஞத்தையும் கேட்டுவிட்டேன். "ஓதம்!" என்று வகுப்பு கத்தியது. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை. நான் பார்ப்பதைக் கண்டதும் மெல்ல "ஓதம்" என்றாள். நான் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி வந்தது! தேர்வன்று சாயங்காலம் எல்லோரும் வினாத்தாளோடு மாடிக்கு வருவார்கள்; நான் பலகையில் விடை எழுதுவேன், அவர்கள் சரிபார்ப்பார்கள். விழிஞ்ஞத்துக்கு வந்தபோது என் கை ஒரு கணம் நின்றது.

ஸ்டெல்லாதான் பேசினாள். "கை அலைக்குத்தான் சார் போச்சு. அப்பறம் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஓதத்தையே போட்டுட்டேன்."

நான் பலகையில் ஓதம் என்றே எழுதினேன்.

முடிவு வந்தபோது அவள் எண் செய்தித்தாளில் இல்லை. அந்த ஒரு கேள்விதான் காரணமா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு மதிப்பெண்ணில் வேலை போனவர்களை நிறையப் பார்த்தவன் நான். அதனால், அது காரணம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். "என் படிப்புப் பத்தல சார்" என்றாள். கல்யாணத்துக்குப் போனேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் வந்தேன்.

அடுத்த ஆண்டிலிருந்து விழிஞ்ஞம் என்றால் அலை என்று நடத்தத் தொடங்கினேன். புதிய பிள்ளைகள், பழைய தவறு யாருக்கும் தெரியாது. சுலபமாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து ஸ்டெல்லா தன் தங்கையைக் கொண்டுவந்து சேர்த்தாள். இடுப்பில் குழந்தை. சாரிடம் படித்தால் வேலை தப்பாது என்று என் முன்னாலேயே தங்கையிடம் சொன்னாள்.

கடல் பாடம் வந்தது. விழிஞ்ஞம் அலை என்றதும் தங்கை எழுந்து நின்றாள்.

"எங்கக்கா ஓதம்னு சொல்லிக் குடுத்துச்சு சார். நீங்கதான் சொன்னீங்களாம்."

இதோ, திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு! அக்காதான் முதலில் சரியாகச் சொன்னவள், நான்தான் அவள் வாயை அடைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"அக்காவுக்கு மறந்துபோயிருக்கும்மா. உக்காரு."

தங்கை அதை அக்காவிடம் அப்படியே சொல்லியிருப்பாள். ஸ்டெல்லாவுக்கு எல்லாம் புரிந்திருக்கும். சண்டைக்கு வருவாள் என்று பல நாள் காத்திருந்தேன். அவள் வரவில்லை. தங்கையை நிறுத்தவும் இல்லை.

இன்றும் கடைவீதியில் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறாள்.

"நல்லா இருக்கீகளா சார்?"

"நல்லா இருக்கேம்மா" என்கிறேன்.