அடக்கிய மூச்சு

ஹெல்கோலாந்துத் தீவின் செம்பாறைச் சுவருக்குக் கீழே எங்கள் படகு நங்கூரமிட்டு நிற்கிறது. ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் தண்ணீரில் வைத்த விரல் சில்லிட்டுப்போகிறது. என்னோடு ஹம்பேர்க்கிலிருந்து வந்த ஜெயசீலன், முதுகில் காற்று சிலிண்டருடன் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பயிற்சி தரும் ஜெர்மானியப் பெண் அவரை மேலே ஏற்றி, சிலிண்டரைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"மூச்சை அடக்கிப்போட்டன் தம்பி. இதோடை மூண்டாந்தரம். சிலிண்டர் காத்தை இழுத்து அடக்கிக்கொண்டு மேலை வந்தால் நெஞ்சு வெடிச்சிடுமாம். குமிழியைக் காணேல்லை எண்டு பழக்கிற மனுசி பயந்திட்டா."

அவர் யாழ்ப்பாணக் கடலில் வெறும் மூச்சில் சங்கு குளித்தவர். போரில் ஊரைவிட்டு வந்தபின், கடலின் அடியைப் பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

"நாளைக்கு இறங்கலாமா?"

"ஏலாது. இண்டைக்குத்தான் பயிற்சிக்குக் கடைசி நாள். இனி அடுத்த கோடைக்குத்தான்."

மற்றவர்கள் இறங்குகிறார்கள். அவர்கள் போகும் வழியெல்லாம் குமிழிகள் கொத்துக்கொத்தாக மேலே வந்து உடைகின்றன. ஜெயசீலன் படகின் விளிம்பில் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறார்.

"எங்கடை கடலிலை ஆள் கீழை இருந்தால் மேலை ஒண்டும் தெரியாது. இஞ்சை பாருங்கோ, எல்லாற்றை மூச்சும் வெளியிலை!"

சிரித்துவிட்டு, ஒவ்வொரு கொத்து உடையும்போதும் தானும் வாயால் மூச்சை விட்டுப் பழகுகிறார். நான்கைந்து முறை சரியாக வருகிறது. பிறகு கண் எடுக்காமல் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முதுகைக் கவனிக்கிறேன். அது அசையவில்லை.