பச்சைக் கட்டத்தில் ஒரு தகர வீடு

ஜோகூர் பாருவில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, வெயில் யாரை அதிகம் வாட்டும் என்று கணிப்பதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள். செயற்கைக்கோள் எடுத்த வெப்பப் படங்களைக் கட்டம் கட்டமாக வெட்டி, ‘ஆபத்து’, ‘குளிர்ச்சி’ என்று கொஞ்சத்துக்கு நாங்கள் கையால் அடையாளம் போடுவோம். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மீதியைக் கணினி போட்டுவிடும்.

சாஆ என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் என் பங்குக்கு வந்தன. மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. மொத்தத்தையும் வளைத்து ‘குளிர்ச்சி’ என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்தப் பச்சைக்குள் தகரக் கூரை போட்ட தொழிலாளர் லயம் ஒன்று, வரிசை வீடுகள், இருக்கிறது. நான் பிறந்ததே அங்கேதான். என் அக்கா, பக்கவாதத்தில் விழுந்த தன் கணவரோடு, அதாவது என் மாமாவோடு, இன்னும் அங்கேதான் இருந்தாள். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

வரைபடம் தயாரானதும், ‘ஆபத்து’ என்று சிவப்பாய்க் காட்டிய கட்டங்களில் படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு ஏர் கூலர் கொடுப்பதாக அறிவித்தார்கள். அக்கா போன் செய்தாள்.

“மாமாவுக்கு முதுகெல்லாம் கொப்புளம்டா தம்பி. மத்தியானத்துல கட்டிலே சுடுது. மேப்பு நீதானே போடுற? நம்ம வீட்டையும் செவப்பாக்கிடு லா.”

“அதுல கை வைக்க முடியாதுக்கா. கம்ப்யூட்டர் சொல்றதுதான்.”

“அந்தக் கம்ப்யூட்டர ஒருநாள் இங்க வந்து படுக்கச் சொல்லு!”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கணினிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பது அந்த நொடியே உறைத்ததால் வந்த கோபம். திருத்த வேண்டுமானால் மேலதிகாரியிடம் என் சோம்பேறித்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரைபடத்துக்குக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. “தீபாவளிக்கு வர்றப்ப நானே ஒண்ணு வாங்கியாறேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தீபாவளிவரை மாமா இருக்கவில்லை. ஒரு மத்தியானம், துண்டை நனைத்துவரக் குழாயடிக்குப் போன அக்கா திரும்புவதற்குள் போய்விட்டார். உடம்பு தாங்கவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருடம் தோட்டத்தில் மறுநடவுக்காகக் கிழட்டுச் செம்பனைகளை எல்லாம் சாய்த்தார்கள். புதிய படத்தில் வெறும் செம்மண் கொதித்தது. லயம் இருந்த கட்டத்தைக் கணினி தானாகவே சிவப்பாக்கிவிட்டது. நோயாளிகள் பட்டியலில் மாமாவின் பெயரை யாரும் நீக்கியிருக்கவில்லை.

திதிக்குப் போனபோது, மாமாவின் கட்டில் கிடந்த இடத்தில் ஏர் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், “என் தம்பிதான் சொல்லி வாங்கிக் குடுத்தான்” என்றாள்.

“எப்படியோ செவப்பாக்கிட்டல்ல, தம்பி?”

“ஆமாக்கா” என்றேன்.